இரண்டு முடிச்சும் ஒரு கதவும்

ஏற்காட்டுக்கு வந்தால், தங்குகிற அறையின் சுவரை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சத்தமே வராமல் விரல்தான் வலிக்கிறது என்றால் அது கல் சுவர், வெள்ளைக்காரன் கட்டினது. டொக் டொக் என்று உள்ளே காற்று இருப்பதுபோலக் கேட்டால் அது அனேகமாக நான் நிறுத்தின சுவர். இந்த மலையில் தகரச் சட்டம் அடித்து ஜிப்சம் பலகையை முதலில் ஏற்றியவள் நான்தான். இல்லை, வேறொருத்தர் என்று யாராவது சொன்னால் அவரை என் கடைக்கு அனுப்பி வையுங்கள், பேசிக்கொள்கிறேன்.

நான் படித்தது ஐந்தாவது. அதை மறைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் தம்பி, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஒரு பெரிய ஹாலுக்கு முப்பத்தொரு பலகை போதும் என்றார். நான் வாசற்படியில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு முப்பத்தேழு என்றேன். சிரித்தார். முப்பத்தாறு சுவரில் ஏறிற்று, ஒன்று லாரியிலேயே உடைந்து வந்திருந்தது. அன்றைக்கு மத்தியானமே அவர் என்னை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எஸ்டிமேட் என்றால் என்ன பெரிய வித்தை? அகலம், உயரம், கதவு, ஜன்னல், இரண்டு அடிக்கு ஒரு சட்டம், ஒரு பலகைக்கு எத்தனை திருகாணி, இணைப்பில் ஒட்டுகிற பேப்பர் நாடா எத்தனை சுருள், பூசுகிற மாவு எத்தனை மூட்டை. இவ்வளவுதான். எல்லாம் கூட்டி, கடைசியில் நூற்றுக்குப் பத்து சேர்க்க வேண்டும். அந்தப் பத்து எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு, உடைவதற்கும் வெட்டுவதற்கும் என்று சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பத்தை நான் கற்றுக்கொண்டது கொஞ்ச வருஷத்துக்கு முன்னால்தான், அதுவும் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்த ஒரு காரியத்திலிருந்து.

என் முதல் எஸ்டிமேட்டை ஒன்பது வயதில் போட்டேன். மூன்று பலகை என்றேன். மூன்று பலகைதான் ஆயிற்று. இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் இந்த மலையில் இல்லை.

அப்போது நாங்கள் வாழவந்திப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் இருந்தோம். அணா போய்ப் பைசா வந்த புதிது. அப்பா குழி வெட்டுகிற கூட்டத்தில் வேலை, அம்மா பழம் பறிக்கிற வேலை, அண்ணன் பழம் அரைக்கிற மெஷினில். கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் எங்களுக்குக் கடைசி வீடு. வீடு என்றால் ஒரே அறை. இடமிருந்து வலமாக நீளம், முன்னாலிருந்து பின்னால் அகலம் குறைவு. முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. வலதுகைச் சுவரின் பின் மூலையில் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில், புகைபோக்கியைத் தாங்குவதற்கு ஒரு செங்கல் தூண், சுவரோடு ஒட்டி, கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். சாயங்காலத்தில் அந்தத் தூண் சூடாக இருக்கும். எங்கள் வீட்டுப் பூனையின் இடம் அது.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்தார். சேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்க்காரர். அறையைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்து வீட்டில் கல்யாணமான மகனுக்காகக் கயிறு கட்டிச் சாக்கு தொங்கவிட்டிருந்ததையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "சின்னஞ்சிறுசுக எங்கீங்க இருப்பாங்க?" என்று கேட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "பலகைச் செவுரு வெக்கப் போறமுங்க. கதவோட" என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்கே அப்போதுதான் தெரியும். காப்பி புரையேறி இருமினார்.

சொல்லியாகிவிட்டது, செய்ய வேண்டும். கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டரிடம் அண்ணன் போய்க் கேட்டான். செங்கல் கூடாது, மண் கூடாது, எஸ்டேட் சுவரில் ஒரு கல்லையும் பெயர்க்கக் கூடாது, நாளைக்கு எடுத்துவிட்டுப் போ என்றால் எடுக்கும்படி இருக்க வேண்டும் என்று சொல்லி அவர் சரி என்றார். கூடவே, பங்களாவில் குளிக்கிற அறையைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்டிருந்த ஒரு பழைய கதவையும், நிலையோடு, எடுத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு. வழியெல்லாம், கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண்டாட்டி வீட்டுச் சீரா என்று கேலி செய்தார்களாம்.

சட்டத்துக்குச் சில்வர் ஓக் மரம் எஸ்டேட்டில் வெட்டிப் போட்டது கிடந்தது. பலகைதான் வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் ஜிப்சம் எல்லாம் ஏது. பழுப்பு நிறத்தில் அட்டைப் பலகை வரும், ஒருபக்கம் வழவழ, மறுபக்கம் சொரசொர. எட்டடி உயரம், நாலடி அகலம். ஒரு பலகை அப்பாவுக்கு நாலு நாள் கூலி.

இதற்கு நடுவில்தான் என் விஷயம் வந்தது. நான் மூன்றாவது முடித்திருந்தேன். பள்ளிக்கூடம் திறந்தால் நாலாவது. அம்மா, அது போதும் என்று முடிவு கட்டிவிட்டாள். பேர் எழுதத் தெரிகிறது, பஸ்ஸில் ஊர்ப் பேர் படிக்கத் தெரிகிறது, இனி சின்னக் கூடையைக் கட்டிக்கொண்டு தன்னோடு மலைக்கு வரட்டும் என்றாள். கூடையையும் வாங்கி வைத்துவிட்டாள். புதுக் கூடை. அது ஆணியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்க்கும்.

அப்பா அம்மாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. எதையும் சுற்றி வளைத்துக் கொண்டுவருவார். அன்றைக்குச் சோறு தின்றுகொண்டே, பலகைக் கணக்கை யார் போடுவது, ஆசாரியைக் கேட்டால் அவர் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லுவார் என்று ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"கணக்க நம்ம புள்ள போடட்டும். செரியா வந்தா இன்னும் ரெண்டு வருசம் போவட்டும். தப்பா வந்தா நீ கூடையக் கட்டு, நான் ஒண்ணுஞ் சொல்லல."

அம்மா என் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். "மொதல்ல செவுரு நிக்கட்டும்" என்றாள். அம்மா வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அது சரி என்று அர்த்தம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா குழிக் கயிற்றைக் கொண்டுவந்தார். காபிச் செடி நடுவதற்கு வரிசையாகக் குழி வெட்ட வேண்டும் அல்லவா, அதற்கு அடையாளம் வைக்கிற கயிறு அது. ஆறடிக்கு ஒரு முடிச்சு. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இழுத்துப் பிடிப்பார்கள், ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு முளை அடிப்பார்கள். எங்கள் லைனில் எதை அளக்க வேண்டுமென்றாலும் அந்தக் கயிறுதான். மாட்டுக் கொட்டகை, கோயில் பந்தல், செத்தவருக்குக் குழிகூட. அப்பாவின் கையில் அது எத்தனையோ வருஷமாக இருந்தது. நடுவில் பல இடத்தில் கறுத்துப்போய், தலைமுடி மாதிரி மழமழ என்று ஆகியிருந்தது.

நான் அடுப்புக்கரித் துண்டால் தரையில் கோடு போட்டேன். அறைக்குச் சரியாக நடுவில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை. முன்னால் பாதி அண்ணனுக்கு, பின்னால் பாதி எங்களுக்கு. அப்பா இடதுகைச் சுவரில் கயிற்று முனையை வைத்து அழுத்திக்கொண்டார். நான் கயிற்றை இழுத்துக்கொண்டு கோட்டின் மேலேயே நடந்தேன். ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சு. அதற்கு மேல் மூன்றாவது முடிச்சுக்கு இடம் இல்லை, சுவர் வந்துவிட்டது. மிச்சம் இருந்த இடத்தில் என்ன செய்வது என்று யோசித்தேன். சாத்தி வைத்திருந்த பச்சைக் கதவை அண்ணனை விட்டுத் தூக்கி அந்த மிச்சத்தில் வைக்கச் சொன்னேன். கதவும் நிலையும் அச்சடித்த மாதிரி உட்கார்ந்தது.

நான் குதித்தேன். இரண்டு முடிச்சு, பன்னிரண்டு அடி. பலகை அகலம் நாலடி. பன்னிரண்டில் நாலு மூன்று தடவை. மூன்று பலகை, ஒரு கதவு, சுவர் முடிந்தது. வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். இன்றைக்குக்கூட அப்படி ஒரு அறை கிடைத்தால் நான் சாமி கும்பிடுவேன்.

ஆணிக் கணக்கையும் விடவில்லை. சாணுக்கு ஒரு ஆணி என்று ஆசாரி சொல்லியிருந்தார். மஞ்சக்குட்டை ஆசாரி, வயசானவர், வாய் நிறைய வெற்றிலை. ஒரு பலகையைச் சுற்றி இருபத்துநாலு அடி, அதற்கு முப்பத்திரண்டு சாண், மூன்று பலகைக்குத் தொண்ணூற்றாறு ஆணி. ஸ்லேட்டில் எழுதிக்கொண்டு, அப்பாவோடு ஏற்காட்டுக் கடைவீதிக்கு நடந்தேன்.

இரும்புச் சாமான் விற்கிற பாய் கடை ஒன்று அப்போது இருந்தது. பலகை சொன்னால் சேலத்திலிருந்து வாரம் ஒரு லாரியில் வரவழைத்துக் கொடுப்பார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் ஸ்லேட்டை அவர் முன்னால் வைத்தேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தொண்ணூத்தாறு ஆணியா? நாங்க நிறுத்துல்ல குடுப்போம்."

"எண்ணிக் குடுங்க" என்றேன்.

"சாணுக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கே, யாரு சாணு கண்ணு? உன்றதா, உங்கப்பாருதா?"

அதை நான் யோசிக்கவில்லை. என் கையையும் அப்பா கையையும் பார்த்தேன். அப்பா கை என் கைக்கு ஒன்றரை இருந்தது. "எங்கப்பாருது" என்று கெத்தாகச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டு, ஆணியைக் கொட்டி, மெனக்கெட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டே அப்பாவிடம், பலகை மூன்று போதுமா, நாலாக எடுத்துக்கொள்ளுங்கள், மிஞ்சினால் அப்படியே திருப்பிக் கொடுங்கள், கல்யாண சமயத்தில் குறைந்தால் அடுத்த லாரிக்கு ஒரு வாரம் ஆகும் என்றார். அப்பாவுக்கு மனசு ஆடியது, எனக்குத் தெரிந்தது. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"மூணுதான்" என்றேன். "நாலு வாங்குனா என் கணக்குத் தப்புன்னு ஆயிரும்."

அப்பா என்னைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். "புள்ள சொல்றபடியே குடுங்க பாய்" என்றார்.

"செரிங்க மேஸ்திரியம்மா" என்றார் பாய் என்னிடம். அன்றைக்கு அவர் வைத்த பேர், பிற்பாடு என் கடைப் பலகையில் ஏறிற்று.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பலகை வந்தது. மறுநாள் காலையில் ஆசாரி வந்தார். நான் கோட்டின் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டேன். ஆசாரி என் கோட்டின்மேல் இடதுபக்கம் ஒரு சட்டத்தை நட்டு, முதல் பலகையைச் சும்மா சாய்த்துப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து மடக்கு அடிக்கோலை எடுத்து விரித்து, கோட்டின்மேல் வைத்து வைத்துப் போனார். வலது சுவருக்குப் போனதும் நின்றார். திரும்ப ஒருதரம் அளந்தார். அம்மாவை ஜாடை காட்டிப் பின்வாசலுக்குக் கூப்பிட்டார்.

இரண்டு பேரும் வெளியே நின்று மெதுவாகப் பேசினார்கள். ஆசாரிக்குக் கூலி பற்றிப் பேச்சு என்று நினைத்தேன். அம்மா உள்ளே வந்தாள். என்னையும் ஆணியில் தொங்குகிற கூடையையும் மாறி மாறிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு, கரடியூர் அத்தைக்கு இன்னும் கல்யாணம் சொல்லவில்லை, நல்லவேளை ஞாபகம் வந்தது, வெற்றிலை பாக்கு தருகிறேன், நீ ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வா என்றாள்.

சுவர் வைக்கிறபோது நான் இல்லாவிட்டால் எப்படி என்றேன். கோடுதான் போட்டாகிவிட்டதே, அது எங்கே ஓடிவிடப் போகிறது என்றாள். அதுவும் நியாயம்தான் என்று பட்டது. போனேன்.

கரடியூர் கொஞ்ச தூரம் இல்லை. நான் மூச்சு வாங்கப் போய் நின்று வெற்றிலை பாக்கை நீட்டினால், அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நேத்தே உங்கண்ணன் வந்து சொல்லிட்டுப் போயிட்டானே சாமி, உங்கம்மாளுக்கு மறந்திருச்சா?" என்றாள். அம்மாவுக்குக் கல்யாண வேலையில் புத்தி கலங்கிவிட்டது என்று நானும் அத்தையும் பேசிச் சிரித்தோம். அத்தை பலாச்சுளை கொடுத்தாள். தின்றேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது சுவர் நின்றுகொண்டிருந்தது. மூன்று பலகை, அதையடுத்துப் பச்சைக் கதவு, ஒரு விரல் நுழையாது. அண்ணன் மைதாப் பசை காய்ச்சி, பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தான். அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பதாகத் திட்டம். கோயில் மாதிரி இருந்தது.

ஆனால் சுவர் என் கோட்டில் இல்லை. கோடு முன்பக்க அறையில், தரையில் தனியாகக் கிடந்தது. சுவர் அதைத் தாண்டிப் பின்னால், அடுப்புக்குப் பக்கத்தில், அந்தச் செங்கல் தூணோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு ஏழரை அடி. எங்களுக்கு மூன்றரை அடி. அந்த மூன்றரையில்தான் அடுப்பும்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கோடு என் கோடு என்று கத்தினேன். ஆசாரி சாமானைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "உன்ற கணக்குக்குச் செவுரே நவுந்து வந்து நின்னுக்கிச்சு பாரு கண்ணு" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் அழுகையை விடவில்லை.

"கோடு கெடக்குது போ" என்றாள் அம்மா. "மருமவ பொட்டி, சட்டி, பாய் எல்லாங் கொண்டாருவா. முன்னால எடம் வேண்டாமா? எனக்கு அடுப்படியில நீட்டிப் படுக்கவா நேரமிருக்குது?"

"அப்ப கணக்கு?" என்றேன்.

அம்மா பலகையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டினாள். அடுப்புக்குப் போய்க் குனிந்து ஊதினாள். ஊதி முடித்துத்தான் பதில் சொன்னாள்.

"கணக்கு செரியாத்தான் வந்திருக்குது. போய்த் தொலை பள்ளிக்கூடத்துக்கு."

அப்பா திகைத்துப்போய் நின்றிருந்தார். சந்தோஷப்பட வேண்டியவர், ஒன்றும் சொல்லாமல் குழிக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தன் பெண் ஜெயித்ததில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அண்ணி வந்தாள். பெட்டி ஒன்று, பாத்திரம் கொஞ்சம், மூங்கில் தட்டு இரண்டு. அவ்வளவுதான் சீர். ஏழரை அடி காலியாகவே கிடந்தது. அண்ணியின் அப்பா கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்துவிட்டு அம்மாவிடம், "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க" என்றார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள்.

நான் அண்ணியை முதல் வாரத்திலேயே கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தரையில் என் கோட்டைக் காட்டினேன். நியாயமாகச் சுவர் இங்கே இருக்க வேண்டும், அம்மாதான் கெடுத்துவிட்டாள், அம்மாவுக்கு அளவு தெரியாது என்று விளக்கினேன். அண்ணி நல்லவள். சாணி போட்டு மெழுகும்போது, "உங்க கோட்ட உட்டுட்டு மெழுவறேங்க நாத்தனாரே" என்பாள். அப்படியும் அழிந்துபோகும். நான் கரித்துண்டை எடுத்துத் திரும்பப் போடுவேன். லைனில் யார் வந்தாலும் அந்தக் கோட்டைக் காட்டாமல் அனுப்பமாட்டேன். அம்மா மூன்றரை அடிக்குள் உட்கார்ந்து முறுக்குச் சுட்டுக்கொண்டோ, வெங்காயம் உரித்துக்கொண்டோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாலாவது போனேன். ஐந்தாவது போனேன். சதுர அடி என்று ஒன்று உண்டு என்பதை ஐந்தாவதில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கூடை. கூடைக்குப் பிறகு கல்யாணம். ஹோட்டல் கட்டுகிற இடத்தில் பலகை சுமந்தேன். ஒருநாள் மேஸ்திரி கணக்கில் தடுமாறி நின்றபோது, தலையில் சுமையோடு நின்றபடியே பதினாறு என்று சொன்னேன். அங்கிருந்து ஏறினதுதான். எல்லாம் அந்த இரண்டு வருஷப் படிப்பு. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் என்ன.

சொந்தமாக வீடு கட்டிப் பால் காய்ச்சினபோது நாலு பேர் வந்திருந்தார்கள், பாங்க்கு ஆட்கள்கூட. வழக்கம்போல நான் மூன்று பலகைக் கதையைச் சொன்னேன். கணக்கு என்னுடையது, சுவரைத் தப்பான இடத்தில் வைத்தது இதோ இவள் என்று அம்மாவைக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு அப்போது முட்டி மடக்க வராது. நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாமா" என்றாள். "எனக்கு என்ன கணக்குத் தெரியுது?"

அவள் போய்ப் பல வருஷம் ஆயிற்று. அந்த எஸ்டேட்டை யாரோ வாங்கி, லைன் வீடுகளை எல்லாம் வெளியூர்க்காரர் தங்குகிற காட்டேஜாக மாற்ற நினைத்தார்கள். தடுப்புச் சுவருக்கு எஸ்டிமேட் போட என்னைத்தான் கூப்பிட்டார்கள், வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? மகன் போகிறேன் என்றான். கடைசி வீட்டை நான்தான் அளப்பேன் என்று டேப்பைப் பிடுங்கிக்கொண்டு போனேன். பலகைச் சுவர் எப்போதோ போய்விட்டது. அறை வெறுமையாக இருந்தது. செங்கல் தூண் மட்டும் அப்படியே நின்றது.

நடுவில், என் கோடு இருந்த இடத்தில், இரும்பு டேப்பை விரித்தேன். பதினைந்து அடி மூன்று அங்குலம்.

தப்பாக விரித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப அளந்தேன். அதேதான். மூன்று பலகை பன்னிரண்டு அடி, கதவு இரண்டரை. பதினாலரை அடிதான் ஆகிறது. ஒன்பது அங்குலம் குறைகிறது. மேலிருந்து கீழ்வரை ஒரு சாண் சந்து. அந்தச் சந்து வழியாகப் பூனை போகும், கண் போகும், பேச்சுப் போகும். புதுப்பெண்ணின் அப்பா முன்னால் அதில் சாக்கைத்தான் தொங்கவிட்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் குழிக் கயிறு ஞாபகம் வந்தது. வருஷக்கணக்காக இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுத்த கயிறு. முடிச்சுக்கு முடிச்சு ஆறடியா இருக்கும்? இரண்டு முடிச்சுக்கு ஒன்பது அங்குலம் நீண்டுபோயிருக்கும். காபிச் செடிக்குக் கொஞ்சம் தள்ளி நட்டால் என்ன, அது கேட்கவா போகிறது. அப்பா அந்தக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் வெளியே போனது எதற்கு என்று, அவரும் இல்லாத காலத்தில் எனக்குப் புரிந்தது.

பின்னால் போய்த் தூணுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே டேப்பை வைத்தேன். வைக்கும்போதே தெரியும். தூண் ஒரு செங்கல் நீளம் முன்னால் வந்திருக்கிறது. செங்கல் நீளம் எவ்வளவு என்று என்னிடமா கேட்கிறீர்கள்? ஒன்பது அங்குலம். பதினாலரை அடி, அச்சடித்த மாதிரி.

மகன் வெளியிலிருந்து, எத்தனை பலகை அம்மா என்று கேட்டான். டேப்பைச் சுருட்டினேன். அப்புறம், எவ்வளவு வந்தாலும் நூற்றுக்குப் பத்து சேர்த்து எழுது என்றேன். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்தான் அந்தப் பத்து.

அந்த மூன்றரை அடியில் நாங்கள் மூன்று பேர் ரயில் பெட்டி மாதிரி ஒருவர் கால்மாட்டில் ஒருவர் தலை வைத்துப் படுப்போம். அப்பா, நான், அடுப்பு ஓரமாக அம்மா. அடுப்பு இடத்தை எடுத்துக்கொண்டதால் அம்மாவுக்கு மட்டும் நீட்ட வராது.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குக் காலையில் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மா முதுகைப் பலகையில் சாய்த்து, காலை நீட்டி, எனக்கு மத்தியானத்துக்குக் கட்டிக்கொடுக்கத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலைத் தாண்டாமல் வெளியே போக வழியில்லை. என் கோட்டில் சுவர் வைத்திருந்தால் தாராளமாகப் போகலாமே என்று முணுமுணுத்தேன், அவளுக்குக் கேட்கும்படியாகவே. அம்மா இரண்டு காலையும் மடக்கி முட்டியைக் கட்டிக்கொண்டாள். செய்த தப்பு அவளுக்கே உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் நிமிர்ந்து நடந்து போனேன்.